முப்பத்தேழாம் நம்பர்

ரெமியின் தலை நான்காவது தடவையாக இன்னாசியின் இடது தோளில் வந்து விழுந்தது. மூன்று தடவை தள்ளிவிட்டாயிற்று. இந்தத் தடவை தள்ளவில்லை. தள்ளினால் முழித்துக்கொள்வான், முழித்தால் பேசுவான், அவன் பேச்சைக் கேட்பதைவிட அவன் தலையைச் சுமப்பதே மேல். இன்னாசி சுமக்கட்டும், சுமக்கத்தானே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். விசாவிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. ரெமிஜியுஸ், பைப் வெல்டர். இன்னாசி, ஹெல்பர். ஹெல்பர் என்றால் வெல்டருக்குக் கேபிள் இழுத்துப் போடுகிறவன், வெல்டிங் ராடு எடுத்துக் கொடுக்கிறவன், வெல்டர் ஒன்றுக்குப் போனால் அவன் முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவன். பஸ் ஏர்போர்ட்டை விட்டுக் கிளம்பும்போது காலை மணி பத்து. இப்போது பதினொன்றரை இருக்கும். வெளியே மணல், மின்கம்பம், மறுபடி மணல், இவ்வளவுதான் வெளிநாடு. முன் வரிசையில் டிரைவருக்குப் பக்கத்தில் கம்பெனி ஆள் பவித்திரன் மடியில் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பாலக்காட்டுக்காரன். பஸ் கிளம்பும்போது அவன் எழுந்து நின்று, பாதி மலையாளமும் பாதி தமிழுமாக ஒரு சங்கதி சொன்னான். வெல்டர்களுக்கெல்லாம் நாளைக் காலை ஏழு மணிக்கு சைட்டில் மறுபடியும் டெஸ்ட், பம்பாயில் பாஸ் ஆனதெல்லாம் இங்கே செல்லாது, தேறாதவர்கள் இதே பஸ்ஸில் ஏர்போர்ட்டுக்குத் திரும்பிவிடலாம். இதைக் கேட்ட பிறகு ஒரு மனுசன் தூங்குவானா? ரெமி தூங்குகிறான். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். தூத்துக்குடிப் பட்டறையில் ஜன்னல் கம்பிக்கு வெல்டிங் பொட்டு வைத்துக்கொண்டிருந்தவன், குழாய் என்றால் குடிதண்ணீர்க் குழாய்தான் தெரிந்தவன், நாளைக்குக் கழுத்துக்குக் கத்தி வருகிறது என்று கேட்டுவிட்டு அரை மணி நேரத்தில் குறட்டை விடுகிறான். இந்தத் தைரியம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று இன்னாசிக்குத் தெரியும். இன்னாசி இருக்கிறான் என்ற தைரியம். அந்தத் தைரியத்தைத்தான் செவிட்டில் ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது.

பம்பாயிலும் இன்னாசி இருந்தான். டெஸ்ட் நடந்த அந்தத் தகரக் கொட்டகையில் வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் சாய்த்துக் கட்டிய ஆறு அங்குலக் குழாய். குழாயை அசைக்கக் கூடாது, ஆள்தான் சுற்றி வளைந்து, குனிந்து, மல்லாந்து பற்று வைக்க வேண்டும். ரெமிக்குக் காலை பேட்ச், நம்பர் முப்பத்தேழு. இன்னாசிக்கு மத்தியானம், ஐம்பத்திரண்டு. ரெமி வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தான், இரண்டு பேரும் கக்கூஸுக்குள் போய் ஜாக்கெட்டை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். முகமூடியை இறக்கிவிட்டால் வெல்டருக்கு முகம் ஏது? நெஞ்சில் குத்தியிருக்கிற துணியில் உள்ள நம்பர்தான் ஆள். முப்பத்தேழாம் நம்பராக உட்கார்ந்து இன்னாசி அன்றைக்கு வைத்த மாதிரி வாழ்நாளில் வைத்ததில்லை. பிடிபட்டால் இரண்டு பேர் பிழைப்பும் போச்சு என்ற பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தான். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மேலே படிந்த கசடைச் சுத்தியலால் தட்டி, பிரஷ் போட்டு, விரலால் தடவிப் பார்த்து, அப்புறம்தான் அடுத்த சுற்று. மூன்று மணி நேரம். சோதிக்க வந்த வடக்கத்திப் பெரியவர் குனிந்து பார்த்தார், சுற்றிவந்து பார்த்தார், பக்கத்துத் தடுப்புக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். முகமூடி போட்ட இன்னாசியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, நோட்டில் எதையோ எழுதினார். எழுதியது ரெமியின் பெயரை. பதினோரு வருசம் கண்ணெரிந்து, நெஞ்சு புகைந்து, கைச்சதை பொத்துப்போய்க் கற்றுக்கொண்ட வேலை போய் ரெமியின் பெயருக்கு நேராக உட்கார்ந்துகொண்டது. அந்த நேரத்தில் ரெமி எங்கே இருந்தான்? வாசலுக்கு எதிரே டீக்கடையில், பாஷை தெரியாத ஊரில், டீக்கடைக்காரனின் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதற்குப் பன் ஊட்டிக்கொண்டிருந்தான். சனியன்.

மத்தியானம் ஐம்பத்திரண்டு. எல்லாக் கோளாறும் அந்த மத்தியானத்தில்தான். ரெமிக்குக் கடல் பார்க்க வேண்டுமாம். தூத்துக்குடியில் பிறந்தவன், வீட்டு வாசலில் நின்று துப்பினால் கடலில் விழும், அவனுக்குப் பம்பாயில் கடல் பார்க்க வேண்டுமாம். சாயங்கால ரயிலுக்குள் பார்த்துவிட்டு வந்துவிடலாம், மக்கா சீக்கிரம் முடிச்சிட்டு வா, என்றான். அதற்காக அவசரப்பட்டு வைத்ததுதான், இரண்டாவது சுற்றுக்கும் மூன்றாவது சுற்றுக்கும் நடுவே கசடைச் சரியாக எடுக்காமல் மேலேயே பூசிக்கொண்டு போனதுதான், குழாய்க்கு எடுத்த எக்ஸ்ரேயில் ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்புக் கோடாக வந்து நின்றது. கோடு வந்தால் வெல்டர் இல்லை. முடிந்தது. கடலையும் பார்த்தார்கள். பழுப்பு நிறத்தில், நாற்றமடித்துக்கொண்டு, ஊரிலிருக்கிற கடலைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. ரெமி பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு இறங்கி, இது நம்ம கடலுக்கு மாமன் முறை என்றான். கூட வந்த சுடலைமணி சிரித்துச் சிரித்துப் படம் பிடித்தான். சுடலைமணி சாரம் கட்டுகிறவன், இதோ இரண்டு வரிசைக்கு முன்னால் இப்போதும் செல்போனை ஜன்னலில் ஒட்டி மணலைப் படம் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறான். நடந்தது எல்லாம் அவனுக்குத் தெரியும், தெரிந்தும் தெரியாதமாதிரி இருப்பதற்கென்றே பிறந்தவன். பம்பாய்க்குப் போகும்போது வாடி ஜங்ஷனில் வடை வாங்க இறங்கிய சுடலைமணியை விட்டுவிட்டு ரயில் கிளம்பியதும், ரெமி சங்கிலியைப் பிடித்து இழுத்ததும், போலீஸ்காரர் வந்தபோது இறங்கினவனுக்குக் காது கேக்காது சார், பிறவியிலேயே அப்படி என்று கண்ணில் தண்ணீர் வரச் சொன்னதும், வடைப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்த சுடலைமணி போலீஸ்காரர் கேட்ட கேள்விக்கெல்லாம் காதைத் தொட்டுக் காட்டியதும், சோலாப்பூர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் வந்ததும். இந்தக் கதையை ரெமி எத்தனை பேரிடம் சொல்லிவிட்டான்! பிளேனில் பக்கத்தில் இருந்த ஆந்திராக்காரனிடம் சைகையிலேயே சொன்னான். அவனும் சிரித்தான். எல்லாரும் சிரிக்கிறார்கள். இன்னாசியும் அப்போது சிரித்தவன்தான், இடுப்பு வலிக்கச் சிரித்தவன்தான், அதை நினைத்தால்தான் இப்போது இன்னும் எரிகிறது.

பஸ் எதிலோ ஏறி இறங்கியது. தலை தோளிலிருந்து வழுக்கி நெஞ்சுக்கு வந்தது. சட்டையில் ஈரம். எச்சில். டெஸ்ட் முடிவு வந்த அன்றைக்கு ஏஜென்சி ஆபீஸிலிருந்து போன் வந்தது ரெமிக்குத்தான். இன்னாசியின் விண்ணப்பத்திலும் ரெமியின் போன் நம்பர்தான் இருந்தது, இன்னாசிக்கு போனில் தெரியாத ஆளோடு பேச வராது. ரெமி பட்டறைக்கு ஓடிவந்தான். மக்கா, ரெண்டு பேரும் ஒரே கம்பெனில, ஒரே கேம்ப்ல, என்று கத்திக்கொண்டே ஓடிவந்தான். எனக்கு வெல்டர், உனக்கு ஹெல்பர் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னான், அதுவும் ஜன்னல் சீட்டு எனக்கு, நடு சீட்டு உனக்கு என்கிற மாதிரி. அன்றைக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆபீஸில் போய் அந்த முப்பத்தேழு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு பேரையும் தொலைத்துத் தலைமுழுகியிருப்பார்கள், ஆள்மாறாட்டம் என்று போலீஸுக்கும் போயிருப்பார்கள். வராமலாவது இருந்திருக்கலாம். ஆறு மாசத்தில் சைட்டிலேயே வெல்டராக மாற்றிக்கொள்ளலாம் என்று ஆபீஸ்காரர் சொன்னார், பட்டறையில் அவன் இடத்துக்கு அதற்குள் வேறொருவன் வந்து உட்கார்ந்துவிட்டான், வீட்டில் கோயில் திருவிழாவில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. இதெல்லாம் காரணமா? காரணம் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் முதலில் ரெமிக்காக எதற்கு வைத்துக் கொடுத்தாய் என்று யாராவது கேட்டால்? சிநேகிதம் என்பான். பொய். சிநேகிதத்துக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுக்கலாம், கையையா வெட்டிக் கொடுப்பார்கள்? பயம். தெரியாத ஊர், தெரியாத பாஷை, கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் ஏறிட்டுப் பார்த்துக் கேட்கிற கேள்வி. இன்று காலையில்கூட ஏர்போர்ட் கவுண்டரில் அதிகாரி ஏதோ கேட்டார், இன்னாசிக்கு வாய் ஒட்டிக்கொண்டது, பின்னால் நின்ற ரெமிதான் எட்டிப் பார்த்து, தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையில் என்னவோ சொல்லி, அந்த ஆளையே சிரிக்க வைத்து முத்திரை குத்த வைத்தான். ரெமி இல்லாமல் இன்னாசியால் பம்பாய் போயிருக்க முடியாது. கொட்டகை வாசலில் பெயர் சொல்லியிருக்க முடியாது. ஆக, ரெமியை இழுத்துக்கொண்டு வந்தது இன்னாசிதான். நீயும் விண்ணப்பம் எழுதிக் கொடு, உனக்கும் நானே வைக்கிறேன் என்று சொன்னதும் இவன்தான். இந்த இடத்துக்கு வந்ததும் இன்னாசி வெடுக்கென்று மனதைத் திருப்பிக்கொண்டான். மணல், மின்கம்பம். கோபத்தில் ஓட்டை விழ விடக் கூடாது.

நாளைக்கு ஏழு மணி. இங்கே ஜாக்கெட் மாற்றுகிற வேலையெல்லாம் நடக்காது, போட்டோ ஒட்டிய அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் முகமூடியை இறக்க விடுவார்கள் என்று பவித்திரன் சொன்னான். ஆக ரெமிதான் உட்கார வேண்டும். உட்காருவான், ராடு குழாயில் ஒட்டிக்கொள்ளும், பிடுங்குவான், மறுபடி ஒட்டும், அந்தச் சத்தத்தைக் கேட்டே பத்தடி தள்ளி நிற்கிறவனுக்குத் தெரிந்துவிடும் ஆள் கம்பிக்குப் பொட்டு வைக்கிறவன் என்று. பத்தே நிமிசம். போகட்டும். ஒரு வெல்டர் குறைந்தால் கம்பெனி என்ன செய்யும்? கையில் இருக்கிறவர்களில் யாருக்காவது தெரியுமா என்று கேட்கும். அப்போது இன்னாசி கையைத் தூக்கினால் போதும். வாயைத் திறக்க வேண்டாம், கையைத் தூக்கினால் போதும், ஒரு குழாயைக் கொடுங்கள் என்று சைகை காட்டினால் போதும். அவன் எந்தப் பாவமும் செய்ய வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் போதும், இத்தனை வருசம் செய்ததைச் செய்தால் போதும். ரெமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு இதே பஸ்ஸில் போவான், போகும்போதும் டிரைவரிடம் வாடி ஜங்ஷன் கதையைச் சொல்லிக்கொண்டு போவான். இதை நினைத்ததும் இன்னாசிக்கு நன்றாக இருந்தது. வெட்கமில்லாமல் நன்றாக இருந்தது. கடல் பார்க்கணும்னியே, இப்போ போய்ப் பார்ல, ஊர்க் கடலையே பார்த்துக்கிட்டு உட்கார். கடல் என்றதும் மறுபடி அந்த மத்தியானம். சீக்கிரம் முடிச்சிட்டு வா என்றான். சொன்னானா? சொன்னது சுடலைமணியோ? சுடலைமணி ரயில் ஆறு நாற்பதுக்கு என்றான், நேரம் கிடக்கு, மெதுவா வா என்றும் சொன்னான். ரெமி? ரெமி கடலைப் பற்றிச் சொன்னது முந்தின நாள் இரவு, விடுதியில், விளக்கணைத்த பிறகு, நேரமிருந்தா பாப்போம்ல என்று. மத்தியானம் வாசலில் நின்று ரெமி சொன்னது வேறு. தண்ணி குடிச்சியா என்றான். அது மட்டும்தான். அப்படியானால் யார் அவசரப்படுத்தினார்கள்? யாரும் இல்லை. உள்ளே போகும்போது அந்தப் பெரியவர் தடுப்புத் தடுப்பாகப் பையன்களை நிறுத்தி முப்பத்தேழாம் நம்பர் குழாயைக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் நம்பரைப் படித்தார்கள். பொறாமை. தன் கை மேலேயே தனக்குப் பொறாமை. மூன்று மணி நேரத்தில் வைத்ததற்கா இவ்வளவு, நான் ஒரு மணி நேரத்தில் வைக்கிறேன் பார், ஐம்பத்திரண்டு என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று, ஊரே வாய் பிளக்கட்டும் என்று, இழுத்துக்கொண்டு போனான். ஒரு மணி பத்து நிமிசத்தில் முடித்து முகமூடியைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தான். யாரும் பார்க்கவில்லை. சாப்பிடப் போயிருந்தார்கள்.

"என்னல, கேம்ப் வந்துட்டா?" ரெமி முழித்துக்கொண்டான். இன்னாசியின் சட்டையில் இருந்த ஈரத்தைப் பார்த்துவிட்டுத் தன் புறங்கையால் துடைத்தான். இன்னாசி கையைத் தட்டிவிட்டான். ரெமி வெளியே பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான், நாளைக்கு அடிப்பக்கம் வரும்போது ராடை எப்படிச் சாய்க்க வேண்டும், நீ சொன்னதெல்லாம் மறந்துபோய்விட்டது, ஒரு தடவை காட்டு என்று. முடிவு வந்ததிலிருந்து எட்டு வாரமாக நெஞ்சுக்குள் கிடந்து அழுகியது அப்போதுதான் வெளியே வந்தது. கத்தவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எங்கிட்ட கேக்க? எனக்கு என்ன தெரியும்? நான் ஹெல்பர்தான."

ரெமியின் முகத்தை அவன் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று இருந்தான். அதற்குப் பிறகு ரெமி வாயைத் திறக்கவில்லை, இன்னாசிக்கு வெற்றி கிடைத்துவிட்டது, அந்த வெற்றியோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான், அது ஆறிப்போன கஞ்சி மாதிரி இருந்தது. மணி ஒன்றுக்கு முள்வேலியும் தகரக் கூரைகளும் வந்தன, பஸ் நின்றது. பவித்திரன் எழுந்து, வெல்டர்கள் முதலில் இறங்கி வலப்பக்கம் நிற்க வேண்டும், மற்றவர்கள் பிறகு என்று சொல்லிவிட்டுப் பட்டியலை வாசித்தான். பீகார்க்காரர்கள் நாலைந்து பேர் இறங்கினார்கள். பைப் வெல்டர் ரெமிஜியுஸ் என்றான். ரெமி எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டான். முன் சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரெமி உட்கார்ந்தே இருந்தான். பவித்திரன் வாயைக் கோணிக்கொண்டு நடையில் நடந்து வந்து, பக்கத்தில் நின்று, செவிட்டு ஆளா என்று கேட்டான். முன்னால் சுடலைமணி திரும்பிப் பார்த்தான்.

"சார், எனக்கு வேலை தெரியாது சார்," என்றான் ரெமி. "பம்பாய்ல டெஸ்ட் வச்சது நான் இல்ல, இவன். இவந்தான் வெல்டரு. நான் இவனுக்கு ஹெல்பரா இருந்துக்கிடுதேன். பேர மட்டும் கொஞ்சம் மாத்திப் போட்டுருங்க சார்."

பேரை மட்டும் மாற்றிப் போட வேண்டுமாம். ரேஷன் கார்டு என்று நினைத்தானா மடையன்! எட்டு வாரமாக இன்னாசி கேட்க ஏங்கிய வார்த்தை அது, இவந்தான் வெல்டர் என்று அவன் வாயால், நாலு பேர் முன்னால். வந்துவிட்டது. ஒரு பஸ் நிறைய ஆள் கேட்டாயிற்று. பவித்திரனின் கண் ரெமியிடமிருந்து இன்னாசிக்கு வந்தது, உள்ளதாணோ, நிஜம்தானா என்று கேட்டான். ஆமாம் என்றால் இரண்டு பேரும் இன்றைக்கே ஏர்போர்ட், பாஸ்போர்ட்டில் கறுப்பு முத்திரை, இனி எந்தக் கப்பலும் பிளேனும் கிடையாது. இல்லை என்றால் அந்த மூன்று மணி நேரம், அந்தக் குழாய், அந்த முதுகில் விழுந்த இரண்டு தட்டு, எல்லாம் இனி என்றைக்கும் அவனுடையது இல்லை. பதில் சொல்லித் தப்பிக்க வைக்கிறவன் எப்போதும் ரெமிதான். அந்த ரெமி இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறான். இன்னாசியின் நாக்கு வழக்கம்போல மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தான்.

"இல்ல சார்," என்றான். "பயத்துல உளறுதான். முப்பத்தேழாம் நம்பர் குழாய வச்சது இவந்தான். நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அப்படி ஒரு வேலைய நான் பாத்ததே இல்ல."

பவித்திரன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் இந்த மாதிரி எத்தனை பஸ்ஸைப் பார்த்தவனோ, நாளைக்கு ஏழு மணிக்குத் தெரிந்துவிடும் என்று சொல்லிப் பட்டியலில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு முன்னால் போய் இறங்கினான். ரெமி வாயைத் திறந்தான். மூடுல என்றான் இன்னாசி. பயமா ஆத்திரமா தெரியவில்லை, ஆத்திரம்தான், ஆத்திரம்தான். தன் வேலையைத் தன் வாயாலேயே அவனுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. ஏழு மணிக்கு இன்னும் பதினெட்டு மணி நேரம் இருக்கிறது, பதினெட்டு மணி நேரத்தில் யாரும் வெல்டர் ஆகிவிட முடியாது, அதுவும் இந்த மரமண்டை. ரெமி இறங்குவதற்குப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தான். இன்னாசி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து மறுபடி சீட்டில் உட்கார வைத்தான்.

"கைய நீட்டு."

ரெமி நீட்டினான். இன்னாசி அந்த மணிக்கட்டை எலும்பு வலிக்கிற மாதிரி பிடித்து, இல்லாத குழாயின் அடிப்பக்கத்துக்குக் கொண்டுபோய், இல்லாத ராடைச் சாய்த்துக் காட்டினான். வெளியே பவித்திரன் மூன்றாவது தடவையாகப் பெயரைக் கூப்பிட்டான்.

"மெதுவா வரணும். ஒவ்வொரு சுத்துக்கும் கசட எடுக்கணும். அன்னைக்கு நான் எடுக்கல. அவசரப்பட்டே, கொன்னுருவேன்," என்றான்.